ஹை-ஃபை ஒலிபெருக்கி இயக்கிகள்

ஹை-ஃபை ஒலிபெருக்கி என்பது, பதிவில் உள்ள ஒலியை இயன்றவரை மாற்றமின்றித் திரும்பத் தரும் நோக்குடன் வீட்டுப் பயன்பாட்டிற்காக வடிவமைக்கப்படும் ஒலிபெருக்கி ஆகும். இதனுள் மின்குறிகையை அதிர்வாக மாற்றும் உறுப்பு டிரைவர் அல்லது ஒலி இயக்கி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் தனி இயக்கியையும் முழுப் பெட்டியையும் 'ஸ்பீக்கர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. இக்கட்டுரையில் இயக்கிகள், பெட்டி, அதிர்வெண்களைப் பிரிக்கும் மின்சுற்று ஆகிய அனைத்தும் சேர்ந்த முழு அமைப்பே ஒலிபெருக்கி எனக் குறிக்கப்படுகிறது.

நன்கு வடிவமைக்கப்பட்ட இரு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே வேறுபாட்டைக் காதால் உணர்வது கடினம். இரு ஒலிபெருக்கிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையோ பயிற்சி இல்லாதவரும் சில நொடிகளில் உணர்வர். இவ்வேறுபாட்டின் காரணம் எது என்பதில்தான் குழப்பம் நிலவுகிறது. விற்பனைக் கையேடுகள் பெரும்பாலும் இயக்கி செய்யப்பட்ட பொருளையே முன்னிறுத்துகின்றன. காகிதம் 'இயல்பாக' ஒலிக்கும், உலோகம் 'கூர்மையாக' ஒலிக்கும், பட்டு 'மென்மையாக' ஒலிக்கும் என்பன போன்ற கூற்றுகள் பரவலாக உள்ளன. இவற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை பெரும்பாலும் கூறப்படும் இடத்தில் இல்லை.

அடிப்படைச் சிக்கல்

மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கவல்லது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். ஆகவே 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீட்டர். 20,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.7 சென்டிமீட்டர். ஒன்று ஒரு வீட்டைவிட நீளமானது, மற்றொன்று ஒரு விரலின் அகலமே உடையது. இவ்விரண்டையும் ஒரே அதிர்தகட்டால் செம்மையாக உண்டாக்க இயலாமையே ஒலிபெருக்கி வடிவமைப்பின் மூலச் சிக்கல் ஆகும்.

தாழ்ந்த அதிர்வெண்களில் அதிக அளவு காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகும்போது, அதே ஒலியழுத்தத்தைத் தர அதிர்தகடு 4 மடங்கு தூரம் அசைய வேண்டும். ஒரு கூம்பு 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைகிறது எனில், 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டரும் 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டரும் அசைய நேரிடும். எனவே தாழொலி இயக்கி பெரிதாக இருத்தல் வேண்டும்.

உயர்ந்த அதிர்வெண்களில் நிலைமை தலைகீழாகிறது. அதிர்தகட்டின் விட்டம் அலைநீளத்தை நெருங்கும்போது ஒலி எல்லாத் திசைகளிலும் பரவாமல் கைவிளக்கின் ஒளிக்கற்றை போல நேர்முகமாகக் குவிகிறது. 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூம்பிற்கு இந்நிலை 2,600 ஹெர்ட்ஸ் அளவில் ஏற்படுகிறது, 2.5 சென்டிமீட்டர் குவிமாடத்திற்கு ஏறத்தாழ 13,700 ஹெர்ட்ஸில்தான் ஏற்படுகிறது. ஆகவே உயரொலி இயக்கி சிறிதாக இருத்தல் வேண்டும். ஒரே பெட்டியில் பெரிய ஊஃபரும் சிறிய ட்வீட்டரும் அமைக்கப்படுவது இக்காரணத்தாலேயே.

வரலாறு

காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசையும் அமைப்பிற்கு 1874 இல் எர்ன்ஸ்ட் வெர்னர் சீமென்ஸ் காப்புரிமை பெற்றார். அன்று அதனை இயக்கத்தக்க மின்குறிகை ஏதும் இருக்கவில்லை. 1898 இல் ஆலிவர் லாட்ஜ் மேம்பட்ட வடிவம் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வீட்டு ஒலிபெருக்கியின் நேரடி மூதாதை 1925 இல் தோன்றியது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், சிறிய கூம்பு ஒன்றைத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும்படி தளர்வாகத் தொங்கவிட்டு, அதற்கு மேற்பட்ட வீச்சில் சீரான ஒலியைப் பெறும் முறையை விளக்கினர். நூறாண்டு கடந்தும் இக்கொள்கை மாறவில்லை.

கூம்பு இயக்கி

கூம்பு இயக்கியில், நிலைக்காந்தம் ஒன்றின் குறுகிய இடைவெளியில் கம்பிச்சுருள் வைக்கப்படுகிறது. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னுமாகத் தள்ளப்படுகிறது. சுருளோடு ஒட்டப்பட்ட கூம்பு காற்றை அசைக்கிறது. கூம்பின் வெளி விளிம்பை ரப்பர் அல்லது நுரை வளையமும், உட்புறத்தை ஸ்பைடர் எனப்படும் நெளிவுத்துணி வட்டும் தாங்குகின்றன.

தமிழில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்று செய்தித்தாள்களில் குறிப்பிடப்படுவதும், திருவிழாக்களில் மரங்களிலும் கம்பங்களிலும் கட்டப்படுவதும் இக்கூம்பு இயக்கி அன்று. அது கீழே விளக்கப்படும் கொம்பு வகையைச் சேர்ந்தது.

இவ்வியக்கியின் திறன் மிகக் குறைவு. 1 வாட் மின்திறனுக்கு 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் தரும் வழக்கமான ஒலிபெருக்கி, தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டையே ஒலியாக மாற்றுகிறது. எஞ்சியது பெரும்பாலும் கம்பிச்சுருளில் வெப்பமாகிறது. செம்பின் மின்தடை வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயர ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவதால், சுருள் 100 பாகை சூடேறினால் தடை 40 விழுக்காடு அளவிற்கு உயரும். அந்நிலையில் ஒலி ஏறத்தாழ 3 டெசிபெல் குறையும். உரத்த இசைப்பகுதிகள் சிறிய ஒலிபெருக்கிகளில் 'அமுங்கி' ஒலிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கூம்பின் பொருள் பற்றிய விவாதம் இங்கு எழுகிறது. கூம்பு முழுவதும் ஒரே துண்டாக அசைய வேண்டும் என்பது இலக்கு. நடைமுறையில் ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் அதன் பகுதிகள் தத்தம் போக்கில் வளைந்து அதிர்கின்றன. இது கூம்பின் முறிவு எனப்படுகிறது. முறிவு எங்குத் தொடங்கும் என்பதைப் பொருளின் விறைப்பும் அடர்த்தியும், அது எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைப் பொருளின் உள்தணிப்பும் தீர்மானிக்கின்றன.

காகிதத்தில் உள்தணிப்பு மிகுதி. அது ஒப்பீட்டளவில் முன்னதாகவே முறிந்தாலும் அம்முறிவு மென்மையானது. இங்கிலாந்தின் பிபிசி ஆய்வுப்பிரிவு 1960களில், ஒரு கூம்பைப் போலவே அடுத்த கூம்பும் அமைய வேண்டும் என்னும் தேவையால் காகிதத்தைக் கைவிட்டு பெக்ஸ்ட்ரீன் என்னும் நெகிழியை ஏற்றது. அது கனமானது, தணிப்பிற்காகப் பசைப்பூச்சும் தேவைப்பட்டது. பின்னர் அதனிடத்தைப் பாலிபுரோப்பிலீன் பிடித்தது. பிபிசியில் பணியாற்றிய டட்லி ஹார்வுட் 1977 இல் தொடங்கிய ஹார்பெத் நிறுவனம் இப்பொருளைக் கொண்டே வளர்ந்தது. பி&டபிள்யூ நிறுவனம் 1970களின் நடுப்பகுதியில் கெவ்லார் நெசவுக் கூம்பை அறிமுகப்படுத்தியது. மஞ்சள் நிறத்தால் அந்நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட அக்கூம்பு, 2015 இல் அதன் உயர்நிலை வரிசையிலிருந்து நீக்கப்பட்டு வேறொரு நெசவுப்பொருள் புகுத்தப்பட்டது.

அலுமினியம், மக்னீசியம் போன்ற உலோகக் கூம்புகள் தம் பணிவீச்சிற்குள் ஏறத்தாழ ஒரே துண்டாக அசைகின்றன. ஆனால் முறியும்போது மணி போல ஒலிக்கின்றன. 6,000 ஹெர்ட்ஸில் இத்தகைய ஒத்ததிர்வு உள்ள கூம்பை 2,500 ஹெர்ட்ஸில் வெட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது எனத் தோன்றலாம். அது முழுமையான தீர்வன்று. காந்த அமைப்பின் குறைகளால் 2,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு உருவாகும் மூன்றாம் சீரிசை 6,000 ஹெர்ட்ஸில் அமைவதால், ஒத்ததிர்வு அத்திரிபைப் பெரிதாக்கிக் காட்டும். 'உலோக ஒலி' என்று கேட்போர் கூறுவது பல வேளைகளில் உலோகத்தின் இயல்பன்று. இவ்வாறு அடக்கப்படாமல் விடப்பட்ட ஒத்ததிர்வே ஆகும். திறமையாக வடிவமைக்கப்பட்ட உலோகக் கூம்பையும் காகிதக் கூம்பையும் திரைக்குப் பின்னால் வைத்தால் அடையாளம் காண்பது எளிதன்று.

குவிமாட ட்வீட்டர்

வீட்டு ஒலிபெருக்கிகளில் மிகப் பரவலான உயரொலி இயக்கி இதுவாகும். அமெரிக்காவின் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1958 இல் வெளியிட்ட ஏஆர்-3 ஒலிபெருக்கி இதனைப் பரவலாக்கியது. பட்டு அல்லது செயற்கைத் துணியாலான மென் குவிமாடங்களும், உலோகத்தாலான வன் குவிமாடங்களும் உள்ளன.

வன் குவிமாடங்களின் முறிவு அதிர்வெண், பொருளின் ஊடே ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. இவ்வேகம் அலுமினியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 5,100 மீட்டர், பெரிலியத்தில் 12,500 மீட்டர், வைரத்தில் 17,000 மீட்டர். டைட்டானியம் விலை கூடியது என்பதால் சிறந்தது எனக் கருதப்படுவதுண்டு. ஆனால் அதன் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் அலுமினியத்தின் விகிதமே. மக்னீசியத்தின் விகிதமும் அதுவே. இந்நோக்கில் மூன்றிற்கும் வேறுபாடு இல்லை. யமாகா நிறுவனம் 1974 இல் என்எஸ்-1000 ஒலிபெருக்கியில் பெரிலியக் குவிமாடத்தைப் பயன்படுத்தியது. 2000களின் நடுவில் செயற்கை வைரக் குவிமாடங்கள் விற்பனைக்கு வந்தன.

அலுமினியக் குவிமாடத்தின் முறிவு பொதுவாக 25,000 ஹெர்ட்ஸுக்கு அருகிலோ மேலோ அமைகிறது. அது மனிதச் செவியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதனை 70,000 ஹெர்ட்ஸுக்கு நகர்த்துவது பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. கேட்பவருக்கு அதனால் விளையும் பயன் ஐயத்திற்குரியது. ட்வீட்டரைச் சுற்றியுள்ள முகப்பின் வடிவம் அதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது.

நாடா இயக்கியும் தள இயக்கியும்

நாடா இயக்கியில் கம்பிச்சுருளும் அதிர்தகடும் ஒன்றே. மிக மெல்லிய அலுமினிய நாடா இரு காந்த முனைகளுக்கு இடையே தொங்குகிறது. மின்னோட்டம் அதன் ஊடாகவே பாய்கிறது. இதன் மின்தடை மிகச் சிறியது என்பதால் ஆம்ப்ளிஃபயருக்கும் நாடாவுக்கும் இடையே மின்மாற்றி தேவை. நீண்டு ஒடுங்கிய வடிவத்தால் ஒலி கிடைமட்டத்தில் நன்கு விரிகிறது, செங்குத்தாகக் குறுகுகிறது. கேட்பவர் இருக்கையிலிருந்து எழுந்து நின்றால் உயரொலி மங்குவதை உணரலாம்.

மெல்லிய நெகிழித் தாளில் கம்பியை ஒட்டி அதனைக் காந்த வரிசையின் முன் விறைப்பாகக் கட்டினால் தளக்காந்த இயக்கி கிடைக்கிறது. 1969 இல் ஜிம் வைனி தொடங்கிய, மினசோட்டாவைச் சேர்ந்த மேக்னெபான் நிறுவனம் ஆளுயர அளவிலான இத்தகைய ஒலிபெருக்கிகளுக்குப் பெயர் பெற்றது.

ஆஸ்கர் ஹைல் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மடிப்பு இயக்கி தனித்தன்மை வாய்ந்தது. மின்புல விளைவுத் திரிதடையத்தின் முன்வடிவத்திற்கு 1930களிலேயே காப்புரிமை பெற்றவரும் இவரே. இவ்வியக்கியில் விசிறி போல மடிக்கப்பட்ட தாளின் மடிப்புகள், ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல நெருங்கி விலகிக் காற்றைப் பிதுக்குகின்றன. மடிப்பு அசையும் வேகத்தைவிடப் பன்மடங்கு வேகத்துடன் காற்று வெளியேறுகிறது.

நிலைமின் ஒலிபெருக்கி

இதில் காந்தம் இல்லை. துளையிடப்பட்ட இரு மின்முனைத் தகடுகளுக்கு இடையே சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள நெகிழித் தாள் கட்டப்படுகிறது. தாளுக்குச் சில ஆயிரம் வோல்ட் நிலை மின்னழுத்தம் தரப்படுகிறது. இசைக்குறிகை மின்மாற்றியால் உயர்த்தப்பட்டுத் தகடுகளுக்கு அளிக்கப்படும்போது தாள் ஒரு தகட்டால் ஈர்க்கப்பட்டும் மற்றதால் விலக்கப்பட்டும் அதிர்கிறது. கூம்பு ஒரு மையப்புள்ளியில் மட்டும் தள்ளப்படுவது போலன்றி, இத்தாளின் பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் தள்ளப்படுகிறது. திரிபு மிகக் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே.

பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1957 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் ஈஎஸ்எல், இசையின் முழு வீச்சையும் நிலைமின் முறையிலேயே தந்தது. பேச்சொலியிலும் தந்தி இசையிலும் அதன் தெளிவு பல பத்தாண்டுகளுக்கு ஓர் அளவுகோலாக விளங்கியது. ஆயினும் அதனால் மிகுந்த உரப்பைத் தர இயலாது. ஆழ்ந்த தாழொலியும் இல்லை. அகன்ற பலகை வடிவத்தால் உயரொலி குறுகிய கற்றையாக வெளிப்பட்டு ஒருவர் மட்டுமே சரியான இடத்தில் அமரக்கூடியதாக இருந்தது. 1981 இல் வந்த ஈஎஸ்எல்-63 இக்கடைசிக் குறைக்கு நேர்த்தியான விடை கண்டது. அதன் மின்முனைகள் ஒருமைய வளையங்களாகப் பிரிக்கப்பட்டு, மையத்திலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு வளையத்திற்கும் குறிகை சற்றே தாமதமாக அளிக்கப்பட்டது. இதனால் தட்டையான தாளிலிருந்து எழும் அலை, அதற்கு 30 சென்டிமீட்டர் பின்னால் உள்ள ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியது போல வளைந்து பரவுகிறது. குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து வட்டங்கள் விரிவதை இதற்கு ஒப்பிடலாம்.

நிலைமின், தளக்காந்த ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் பெட்டியற்றவை. முன்னும் பின்னும் சம அளவில் ஒலி எழுப்புகின்றன. பக்கவாட்டில் அவ்விரு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 'திறந்த வெளியில் கேட்பது போன்ற ஒலி' எனப் போற்றப்படும் பண்பில் தாளின் மென்மைக்கு உள்ள பங்கைவிட இந்த எட்டு வடிவப் பரவலுக்கு உள்ள பங்கு பெரிது. சாதாரணக் கூம்பு இயக்கிகளைப் பெட்டியின்றித் திறந்த பலகையில் பொருத்தினாலும் இதே பண்பு வெளிப்படுவது இதனை உறுதிப்படுத்துகிறது.

கொம்பு ஒலிபெருக்கி

சிறிய அதிர்தகட்டின் முன் படிப்படியாக விரியும் குழாயைப் பொருத்தினால், அதிர்தகடு காற்றை நழுவவிடாமல் இறுகப் பற்றித் தள்ள முடிகிறது. நாதஸ்வரத்தின் அணைசு விரிந்திருப்பதும் கிராமபோனின் புனலும் இதே கொள்கையின்பாற்பட்டவை. பால் கிளிப்ஷ் 1946 இல் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன் 1 வாட்டிற்கு 100 டெசிபெல்லுக்கும் மேல் தருகிறது. 88 டெசிபெல் ஒலிபெருக்கி அதே உரப்பைத் தர ஏறத்தாழ 16 வாட் வேண்டும்.

இதற்குத் தரப்படும் விலை அளவு. 40 ஹெர்ட்ஸ் வரை செயல்படும் முழுமையான கொம்பின் வாய் ஏறத்தாழ 2.7 மீட்டர் விட்டம் கொண்டிருக்க வேண்டும். கிளிப்ஷ் இதனை மடித்து, அறையின் மூலையில் கூடும் இரு சுவர்களையே கொம்பின் கடைசிப் பகுதியாகப் பயன்படுத்தினார். மூலை இல்லாத அறையில் அது முழுமையடையாது. பழைய கொம்புகளில் கேட்கும் 'குழாய்க் குரல்' வாயின் விளிம்பில் ஒலி எதிரொலித்துத் திரும்புவதாலும் விரிவின் வடிவக் குறையாலும் ஏற்படுவது. இன்றைய ட்வீட்டர்களைச் சுற்றி அமைக்கப்படும் ஆழமற்ற அலைவழிப்படுத்திகள் இக்குறையின்றிக் கொம்பின் திசைக் கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

ஓரச்சு இயக்கி

ட்வீட்டரை ஊஃபரின் மையத்திலேயே வைப்பது ஓரச்சு அமைப்பு. டனாய் நிறுவனத்தின் டூயல் கான்சென்ட்ரிக் (1947) இதன் முன்னோடி. கேஇஎஃப் நிறுவனம் 1988 இல் யூனி-க்யூ என்ற பெயரில், நியோடிமியக் காந்தத்தால் சாத்தியமான மிகச் சிறிய ட்வீட்டரைக் கூம்பின் கழுத்தில் பொருத்தியது. ஊஃபரின் கூம்பே ட்வீட்டருக்கு அலைவழிப்படுத்தியாக அமைவதால் இரண்டின் பரவலும் ஒத்துப்போகின்றன. ஆனால் அந்த அலைவழிப்படுத்தி ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும் என்பது இதன் குறை.

பெட்டி

கூம்பின் பின்புறத்திலிருந்து எழும் ஒலி முன்புற ஒலிக்கு எதிர்க்கட்டத்தில் உள்ளது. அதனை அடைத்து வைக்காவிடில் தாழொலி அழிந்துபோகும். எட்கர் வில்ச்சூர் 1954 இல் ஏஆர்-1 ஒலிபெருக்கியில், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்பின் வில்லாகப் பயன்படுத்தினார். அதற்கு முன் குளிர்பதனப் பெட்டியளவு இருந்த தாழொலிப் பெட்டிகள் புத்தக அலமாரியில் அடங்கும் அளவிற்குச் சுருங்கின.

ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961 இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகள் பெட்டி வடிவமைப்பைக் கைப்பழக்கத்திலிருந்து கணக்கீட்டிற்கு மாற்றின. இயக்கியின் சில அளவுருக்கள் தெரிந்தால் எந்தப் பெட்டியில் எவ்வாறு ஒலிக்கும் என முன்கூட்டியே கணிக்கலாம். மூடிய பெட்டியில் எல்லைக்குக் கீழே ஓர் எண்மத்திற்கு 12 டெசிபெல் வீதமும், துளைக்குழாய் உள்ள பெட்டியில் 24 டெசிபெல் வீதமும் ஒலி குறைகிறது.

இத்துறையில் தவிர்க்கவே இயலாத விதி ஒன்று உண்டு. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழொலி, உயர்ந்த திறன் ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே பெறலாம். திறன் மாறாமல் தாழொலி எல்லையை ஓர் எண்மம் கீழே கொண்டுசெல்லப் பெட்டியின் கனஅளவு 8 மடங்காக வேண்டும். கையடக்கப் பெட்டியில் 'அதிரடித் தாழொலி' எனும் விளம்பரங்களை இவ்விதியோடு வைத்துப் பார்த்தல் நலம்.

கிராஸ்ஓவர்

ஒலிபெருக்கியின் தன்மையை முடிவு செய்வதில் இயக்கிக்கு இணையான பங்கு கிராஸ்ஓவர் எனப்படும் அதிர்வெண் பிரிப்பானுக்கு உண்டு. மின்தேக்கி, மின்தூண்டி, மின்தடை ஆகியவற்றாலான இச்சுற்று தாழ்ந்த பகுதியை ஊஃபருக்கும் உயர்ந்த பகுதியை ட்வீட்டருக்கும் அனுப்புகிறது. ஹியூலெட்-பேக்கர்ட் பொறியாளர்களான சீக்ஃபிரீட் லிங்க்விட்சும் ரஸ் ரைலியும் வகுத்து 1976 இல் வெளியான பிரிப்பு முறை இன்று மிகப் பரவலானது.

இரு இயக்கிகளும் ஒரே கட்டத்தில் ஒலித்தாலும், அவை ஒன்றன் மேல் ஒன்றாக 15 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. 2,500 ஹெர்ட்ஸின் அலைநீளம் 13.7 சென்டிமீட்டர் மட்டுமே. ஆகவே மேலும் கீழும் சில கோணங்களில் அவை ஒன்றையொன்று அழிக்கும். மற்றொரு சிக்கலும் உண்டு. பிரிப்பு அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே ஊஃபர் குறுகிய கற்றையாகவும், சற்று மேலே ட்வீட்டர் விரிந்தும் ஒலிக்கின்றன. நேர் எதிரே அளந்தால் சமமாகத் தோன்றும் ஒலிபெருக்கி, பக்கவாட்டில் ஒரு பள்ளத்தையும் அதையடுத்து ஒரு மேட்டையும் காட்டும். சுவர்களில் பட்டுத் திரும்பி வருவது இந்தப் பக்கவாட்டு ஒலியே.

பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேஇஎஃப் நிறுவனத்தின் பெக்ஸ்ட்ரீன் ஊஃபரும் குவிமாட ட்வீட்டரும் கொண்ட அச்சிறு பெட்டி, பேச்சுக்குரலில் காட்டிய இயல்பால் இன்றளவும் விரும்பப்படுகிறது. அந்த இயக்கிகள் வேறு பெட்டிகளிலும் பயன்பட்டவையே. அவற்றின் குறைகளைத் தேடித்தேடித் திருத்திய பிரிப்புச் சுற்றே அதன் ஒலியை உருவாக்கியது. ஆழ்ந்த தாழொலி இல்லாத அப்பெட்டி, 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வேண்டுமென்றே விடப்பட்ட சிறு மேட்டால் தாழொலி இருப்பது போன்ற உணர்வைத் தருகிறது.

ஒப்பிட்டுக் கேட்டல்

ஒலிபெருக்கியின் தரத்தைக் கேட்டு அறிய முயன்ற வரலாறு ஏமாற்றங்கள் நிறைந்தது. 1915 முதல் எடிசன் நிறுவனம் அரங்குகளில் பாடகரையும் இசைத்தட்டையும் மாறிமாறி ஒலிக்கச் செய்து, மக்களால் வேறுபாடு காண இயலவில்லை என விளம்பரம் செய்தது. மின்சாரமே பயன்படாத, கொம்பு வைத்த இசைத்தட்டுக் கருவி அது. பின்னர் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனமும் தந்தி வாத்தியக் குழு ஒன்றுடன் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தியது. இக்கருவிகள் குறையற்றவை என்பதற்கு அன்று, எதிர்பார்ப்பு செவியை எவ்வளவு ஆளுகிறது என்பதற்கே இவை சான்று.

முறையான ஆய்வை ஒட்டாவாவில் உள்ள கனடா தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்டு டூல் மேற்கொண்டார். ஒலியூடுருவும் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை வைத்து, உரப்பைச் சமன்செய்து, கேட்போரை மதிப்பெண் இடச்செய்தார். 1980களின் நடுவில் வெளியான முடிவுகள் பலரை வியப்பிலாழ்த்தின. விருப்பம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற பொதுநம்பிக்கைக்கு மாறாக, இயல்பான செவித்திறன் உடையோர் பெரும்பாலும் ஒரே ஒலிபெருக்கிகளையே விரும்பினர். நேர் எதிரே சமமான ஒலியும், பக்கவாட்டில் சீராகக் குறையும் ஒலியும் உடையவையே அவை.

டூல் பின்னர் இணைந்த ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் 1994 இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அந்நிறுவன ஊழியர்கள் 40 பேர் 4 ஒலிபெருக்கிகளை முதலில் கண்ணால் பார்த்தும் பின்னர் மறைவாகவும் மதிப்பிட்டனர். பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகள் கூடுதல் மதிப்பெண் பெற்றன. மறைத்தபோது அவ்வேறுபாடு சுருங்கியது. அத்துடன், பெட்டியை அறையில் இடம் மாற்றியதால் உண்டான ஒலி மாற்றத்தை, பார்த்துக் கேட்டவர்கள் ஏறத்தாழக் கவனிக்கவே இல்லை. மறைவாகக் கேட்டவர்கள் கவனித்தனர். 2003 இல் 268 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் ஒலிபெருக்கிகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் தரப்படுத்தினர். பயிற்சி பெற்றோர் கண்டிப்பாக மதிப்பெண் இட்டனர் என்பதே வேறுபாடு.

2004 இல் ஆலிவ், 70 ஒலிபெருக்கிகளின் அளவீடுகளிலிருந்து மட்டும் கேட்போர் இடும் மதிப்பெண்ணைக் கணிக்கும் மாதிரியை உருவாக்கினார். கணிப்புக்கும் உண்மை மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவுக்கெழு 0.86. அம்மாதிரியில் கூம்பின் பொருளோ இயக்கியின் வகையோ விலையோ இடம்பெறவில்லை. அதிர்வெண் வளைவின் சீர்மையும் தாழொலியின் ஆழமும் மட்டுமே இடம்பெற்றன. 2015 இல் ஏற்கப்பட்ட சிடிஏ-2034-ஏ தரநிலை இவ்வளைவுகளைப் பெறக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒன்றாக 70 திசைகளில் அளக்க வேண்டும் என வரையறுக்கிறது.

ஒத்ததிர்வுகள் பற்றி டூலும் ஆலிவும் 1988 இல் கண்டறிந்த முடிவு குறிப்பிடத்தக்கது. வரைபடத்தில் ஊசி போல உயர்ந்து, நீண்ட நேரம் அதிரும் குறுகிய ஒத்ததிர்வு கண்ணுக்கு அச்சமூட்டுகிறது. செவிக்கோ, அதே உயரமுள்ள அகன்ற தாழ்ந்த மேடுதான் எளிதில் கேட்கிறது. இசையின் சுரங்கள் குறுகிய ஊசியின் மேல் அரிதாகவே விழுகின்றன. அகன்ற மேடு எல்லாச் சுரங்களையும் சாயமேற்றுகிறது. உலோக முறிவைப் பற்றிக் கவலைப்படும் பலர், பக்கவாட்டில் உள்ள 2 டெசிபெல் அகன்ற மேட்டைக் கவனிப்பதில்லை.

கடைகளில் ஒப்பிடும்போது உரப்பைச் சமன்செய்யாமையே பெரும்பிழையாகிறது. 83 டெசிபெல் உணர்திறன் உள்ள ஒலிபெருக்கியும் 89 டெசிபெல் உள்ளதும் ஒரே குமிழ் நிலையில் 6 டெசிபெல் வேறுபட்டு ஒலிக்கும். சற்றே உரத்தது எப்போதும் தெளிவாகவும் தாழொலி மிக்கதாகவும் தோன்றும். இளஞ்சிவப்பு இரைச்சலை ஒலிக்கவிட்டு, அமரும் இடத்தில் ஒலியளவியால் இரண்டையும் அரை டெசிபெல்லுக்குள் சமன்செய்தால் பல 'வெளிப்படையான' வேறுபாடுகள் மறைந்துவிடும். ஒலியின் நுண்மையை நினைவில் வைத்திருக்கும் காலம் மிகக் குறுகியது என்பதால் மாற்றம் உடனுக்குடன் நிகழ வேண்டும். இணையாக அன்றி ஒற்றை ஒலிபெருக்கியாக வைத்துக் கேட்பது குறைகளை எளிதில் வெளிக்கொணரும் என்பதும் டூலின் ஆய்வு முடிவே.

அறையின் பங்கு

சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்கப்படுவது ஒலிபெருக்கியைவிட அறையே எனலாம். 4 மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸில் நிலையலை உருவாகும். அறையின் நடுவில் அமர்ந்தால் அச்சுரம் ஏறத்தாழ மறையும். சுவரோரம் அமர்ந்தால் வீங்கி ஒலிக்கும். ஒரே ஒலிபெருக்கியை மூலையிலிருந்து ஒரு மீட்டர் நகர்த்துவது, கூம்பின் பொருளை மாற்றுவதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரவல்லது.

இயக்கி வகைக்கேற்ப இத்தேவை மாறுகிறது. கிளிப்ஷ்ஹார்ன் மூலையை நாடுகிறது. துளைக்குழாய் உள்ள சிறு பெட்டிகளுக்குப் பின்சுவர் அருகில் இருந்தால் தாழொலி கூடும், ஆனால் ஆண்குரல் கனத்துவிடும். பின்புறமும் ஒலிக்கும் நிலைமின் பலகைகளைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அவற்றின் சிறப்பே கெடும். குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். விரிப்பற்ற கற்றரையும் வெறுஞ்சுவரும் கொண்ட சிறிய அறையில், விரிந்து பரவும் ட்வீட்டர் கூசும்படி ஒலிக்கக்கூடும். கற்றை குறுகிய கொம்போ நாடாவோ அங்கு எதிரொலி குறைந்து தெளிவாகக் கேட்கும்.